பக்கவாட்டில் இருந்த சின்ன சுவிட்ச்

2009-இல், மலை மேல் இருக்கும் செம்மேட்டில் ஆசிரியையாக இருந்தேன். எம்.எட். படிப்புக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு நாள் மாலை ஐந்து மணியோடு கெடு முடிய இருந்தது. அன்று காலையில் லேப்டாப்பைத் திறந்தால் வயர்லெஸ் இணைப்பே வரவில்லை. மோடத்தில் விளக்கு ஒழுங்காக எரிந்தது. இரண்டையும் அணைத்துப் போட்டும் பலனில்லை.

முந்தைய நாள் என் மாமனார் மேசையைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. "எதையாவது அமுக்கிட்டீங்களா மாமா?" என்று சத்தம் போட்டேன்.

"நான் தொடவே இல்ல கண்ணு" என்றார். நான் நம்பவில்லை.

லேப்டாப்போடு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வரும் என்று தெரிந்து அவரும் கூடவே வந்தார். வழியெல்லாம் நான் அவரிடம் பேசவில்லை.

அங்கே கம்ப்யூட்டர் கடைக்கார பாய் லேப்டாப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், இந்தச் சின்ன சுவிட்ச்சுதானுங்க வயர்லெஸ்ஸுக்கு. ஆஃப்ல இருக்குதுங்க. பையில திணிக்கறப்போ நகர்ந்திருக்கும்."

முந்தைய நாள் பள்ளியிலிருந்து கிளம்பும் அவசரத்தில் அதைப் பையில் திணித்தது நான்தான்.

அங்கேயே விண்ணப்பத்தை அனுப்பியபோது மணி நாலரை. வெளியே வந்து மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்குது. வேலை முடிஞ்சுதா சாமி?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் இணைப்பு வராவிட்டால் முதலில் அந்தச் சுவிட்ச்சைப் பார்க்கிறேன். வீட்டில் எது பழுதானாலும், யார் தொட்டது என்று கேட்பதை விட்டுவிட்டேன்.