தொண்டையில் முளைக்கும் முடி

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் சிவசக்தி. அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும் கைப்பிள்ளைகளெல்லாம் அவள் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

சின்ன வயதில் அவளுடைய அம்மா அடிக்கடி சொல்வாள்: "கீழ் லயத்துல தண்ணி குடிச்சா தொண்டைல முடி மொளைக்கும்." கீழ் லயமென்றால் தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்டவர்களின் வரிசை வீடுகள். சாதியைச் சாதியென்று சொல்லிக்கொடுக்க வெட்கப்பட்டவர்கள் கண்டுபிடித்த பேய்க்கதை அது. வேறென்ன? பிள்ளை நம்பிவிட்டாள். கீழ் லயத்தைத் தாண்டும்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் ஓடுவாள்.

வயசுப்பெண்ணாக மலையில் ஒருநாள் மயங்கி விழுந்தபோது, தண்ணீர் கொடுத்து எழுப்பியவள் கீழ் லயத்து வள்ளியம்மை. முடி முளைக்கவில்லை, சிநேகிதம்தான் முளைத்தது. பிறகு காம்பராவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கோப்பை என்று ஆக்கி, சண்டைக்கு வந்த அம்மாமாரை விரட்டியவளும் சிவசக்திதான்.

"அந்தக் கதை என்னோட செத்துச்சு. எம் புள்ள காதுல விழாது" என்பாள். கதை சொன்ன அம்மாவும் மகள் மேனுஷா பிறக்குமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷனுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் தாயும் மகளும் மட்டும், ஒரே பாயில்.

குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்த வள்ளியம்மை போன மாதம் லீவில் வந்திருந்தாள். மூடுபனி இறங்கிய ஒரு மத்தியானம், மகளைக் கூட்டிக்கொண்டு சிவசக்தி கீழ் லயத்துக்கு அவளைப் பார்க்கப் போனாள். பிறகு நடந்ததை வள்ளியம்மை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது சிவசக்திமேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

வள்ளியம்மை தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தாள். மேனுஷா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடி கண்ணு."

"மாட்டேன். தொண்டைல முடி மொளைக்கும்."

செத்துப்போன அம்மாவின் அதே சொல், அதே இழுப்பு. சிவசக்தி மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"யாருடி சொன்னா?"

"நீதாம்மா. தூங்குறப்ப சொல்லுவியே. கண்ண மூடிக்கிட்டு, வேற கொரல்ல."

பனி வாசற்படிவரை வந்திருந்தது. சிவசக்தி வெடுக்கென்று கோப்பையை எடுத்து, மகள் பார்க்க ஒரே மடக்கில் குடித்தாள்.

"பாத்தியா? ஒண்ணுமில்ல."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. அவளை அறியாமலே கை தொண்டைக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

மேனுஷா அதைப் பார்த்தாள். கோப்பையை வாங்க நீட்டிய கையோடு வள்ளியம்மையும் பார்த்தாள்.