தம்பி வீட்டுக்கு எட்டாத கோடு

பிளேடால் நீலப் பென்சிலைச் சீவிக்கொண்டே, எதிரே குழைந்து நிற்கும் வீட்டுத் தரகரிடம், "முடியாதுன்னா முடியாதுங்க" என்கிறார் மஞ்சள் அக்கா. "வரைபடம் வெளிய வர்ற அன்னிக்கு ஊரோட சேர்ந்து நீங்களும் வந்து பாருங்க." தரகர் ஓர் அசட்டுச் சிரிப்போடு நகர்கிறார். இப்படி மோப்பம் பிடித்துக்கொண்டு யாராவது வருவதும், வந்த வழியே போவதும் அந்த அறையில் அன்றாடக் காட்சி.

நகரத் திட்ட அலுவலகத்தில் வரைவாளர் அவர். எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை போடலாம், எங்கே ஆலை வைக்கலாம் என்று ஊரையே நிறம் பிரிக்கும் வேலை. வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், ஆலைக்கு ஊதா. குடியிருப்பவர்களுக்காக மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, மேலதிகாரி வாயிலும் 'மஞ்சள் அக்கா' என்றே ஆகிவிட்டார். "மண்ணு என்னவோ அதே மண்ணுதான். மேல தீட்டுற கலருக்குத்தான் விலை. இன்னிக்கு மஞ்சள்னா மனுஷன் வாங்கலாம். நாளைக்கே நீலம்னு ஆச்சுன்னா, யானை விலை குதிரை விலை!"

வீட்டிலும் இதே பைத்தியம்தான். சித்தி மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று எல்லாரும் விசாரிக்க, இவர் கொல்லைப்புறம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பின்னாடி ஊதா ஒட்டுது. அந்த மிஷின் சத்தத்துல பொண்ணு எப்படித் தூங்குவா?" கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார்தான் வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று.

நேரில் போய் நிற்காமல் ஒரு தெருவுக்கும் அவர் நிறம் தீட்டியதில்லை. காலையில் ஒரு தரம், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தரம். கொடியில் என்ன காய்கிறது, எந்த வாசலில் பிள்ளைகள் சைக்கிள் கிடக்கிறது, எந்த வீட்டு முன்னறையில் தையல் மிஷின் ஓடுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். "குழந்தைத் துணி காயுற தெருவுல லாரியை விட்டா விளங்குமா?" என்று வழியில் போகிற யாரையாவது நிறுத்திக் கேட்பார். கேட்கப்பட்டவர் பாவம், லாரியே வைத்திருக்காதவராக இருப்பார்.

இந்த வருஷம் சோதனை பிறந்த வீட்டு வாசலுக்கே வந்தது. அங்கே இப்போது குடியிருப்பவர் தம்பி. பெரிய ரோட்டுக் கடைகளுக்கு இடம் போதவில்லை. நீலம் அந்தத் தெருவுக்குள் கொஞ்ச தூரம் நுழைய வேண்டும். எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. தம்பி வீடு நாலாவது. நீலமானால் வாங்கிக்கொள்ள ஆள் தயார். தம்பி மகளின் மேல்படிப்பு அந்த விலையை நம்பித்தான் நின்றது.

அக்கா முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். "இது என் தம்பி இருக்கிற தெரு. வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க சார்."

"நீங்க வரைஞ்சாத்தான் ஊர் வாய் மூடியிருக்கும்" என்று காகிதத்தை அவர் பக்கமே தள்ளினார் அதிகாரி.

அக்கா அந்தத் தெருவில் போய் நின்றார். மூன்றாவது வீட்டிலிருந்து உள்ளே, தம்பி வீடு தவிர, முழுக்க வாடகைக் குடித்தனங்கள். ஆஸ்பத்திரி நர்ஸ்கள், பஸ் கண்டக்டர், பால் போடுகிறவர். நீலம் வந்தால் வாடகை ஏறும். அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டாவது வீட்டோடு கோட்டை நிறுத்தினார்.

விஷயத்தைத் தம்பியிடம் அவரே போய்ச் சொன்னார். தம்பி வெடித்தார். "ரெண்டே ரெண்டு வீடு தள்ளிப் போட்டா உன் பென்சில் தேஞ்சா போயிடும்?"

"உனக்காகத் தள்ளினா, அஞ்சாவது வீட்டுக்காரர் 'எனக்கு ஒரு அக்கா இல்லாம போச்சே'ன்னு கேப்பாருடா. அவருக்கு என்ன பதில் சொல்றது?"

அன்றோடு பேச்சு நின்றது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமே! தம்பி மகளைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தவர் இவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் அந்தக் கோட்டுக்கு மை போட்டார். ஆனால் போட்டார்.

படம் மக்கள் பார்வைக்கு வந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அதற்கென்று இருக்கும் குழு கேட்டுவிட்டு, நியாயம் என்றால் கோட்டை மாற்றும். ஒரு மத்தியானம் தம்பி வந்து நின்றார். மனு வாங்கும் குமாஸ்தா லீவு. வேறு வழியில்லாமல், முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை அக்காவிடமே நீட்டினார்.

அக்கா படித்தார். "என்னடா இது, பூரா என்னைத் திட்டி வச்சிருக்கே? நான் நல்லவளா கெட்டவளான்னு குழு எதுக்குப் பார்க்கப் போகுது? இது நிக்காது. வேற எழுது. உக்காரு."

தம்பி உட்கார்ந்தார். புதுக் காகிதம் ஒன்றை அவர் முன் வைத்தார் அக்கா.

"உன் வீட்டுக்கு நேர் எதிர்ல தச்சுப் பட்டறை இருக்குல்ல? எதிர் வரிசையில ஏற்கெனவே தொழில் நடக்குதுன்னு முதல் வரியிலேயே போடு. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். சுலபமா சொல்லவும் முடியாது."

தம்பி நிமிர்ந்தார். "நீ போட்ட கோட்டுக்கு எதிரா நீயே சொல்லித் தர்றியாக்கா?"

"யாரு வந்து கேட்டாலும் சொல்லித்தான் தருவேன். எழுதுடா."

தம்பி எழுத ஆரம்பித்தார். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்ற, காகிதம் படபடத்தது. தம்பி கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போடும் வரைக்கும், அது பறந்துவிடாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார் அக்கா.