நான் சொல்லாத பதில்

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வீடு பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய கிராமம். காலையில் பாசஞ்சர் வண்டியைப் பிடிக்க ஓடுவேன். தம்பானூரில் இறங்கி பஸ்ஸுக்கு ஓடுவேன். எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மாலை வரை பிறர் குரல்கள்தான். வீட்டுக்கு வந்தபின் பிள்ளைகள் "அம்மா" என்று கூப்பிட்டால்கூடக் காது கூசும்.

ஒருநாள் வண்டியில் ஒரு மலையாள வார இதழில் சீனத்துத் தாவோ மார்க்கம் பற்றி வாசித்தேன். 'வூ வெய்' என்று ஒன்று. காரியத்தோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கிலேயே நின்று செய்வதாம். களைத்துக் கிடந்தவளுக்கு அது மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து ஓடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த மூன்று நாளும் வண்டி போய்விட்டது. சூப்பர்வைசர் மெமோ தந்தார்.

கணவர் சிரித்தார். "ஓடாம போணும்னா கால்மணிக்கூர் முன்ன எறங்கணும். அதாக்கும் வழி."

முன்னால் வீட்டைவிட்டு இறங்க வேண்டுமென்றால் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டியது நான்தான். பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தேன்.

அந்த மழைக்காலத்தில் வளைகுடாவிலிருந்து ஒருவர் தினமும் பதினோரு மணிக்குக் கூப்பிடுவார். அவருடைய அம்மா ஒன்பதாம் வார்டில் கிடந்தாள். லைன் அறுந்து அறுந்து போகும். அவர் மலையாளத்தில் கத்துவார், நானும் பதிலுக்குக் கத்துவேன்.

ஒருநாள் காலையில் வார்டு சிஸ்டர் என்னை அழைத்து, அந்த அம்மா விடிகாலையில் இறந்துவிட்டாள் என்றார். மகனிடம் தாய்மாமன் சொல்லிக்கொள்வாராம். நாங்கள் வாய் திறக்கக்கூடாது.

பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டார். வார்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. 'பிறகு கூப்பிடுங்கள்' என்று சொல்லித் துண்டிக்க வேண்டும், அதுதான் வழக்கம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக்கூட அன்று எனக்குத் தெம்பில்லை.

"மணி அடிக்குது, ஆரும் எடுக்கல்ல" என்றேன். களைப்பில் தமிழ் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் கத்தல் நின்றது. "அக்கா நம்ம பக்கமா?"

"பாறசாலை."

"நான் கள்ளிக்காடாக்கும்." குரல் தணிந்துவிட்டது. "நேத்து அம்மைக்குக் கொஞ்சம் கஞ்சி எறங்குச்சுன்னு மாமன் சொன்னாரு. இண்ணைக்கு எப்பிடி உண்டு?"

'டாக்டர் பேசுவார்' மாதிரி வழக்கமான பொய்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா?"

"லைன்லதான் இருக்கேன்."

வெகுநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அம்மை போயாச்சா?"

நான் பேசவில்லை. துண்டிக்கவும் இல்லை. அவர் அழுதார். எனக்கு முன்னால் சுவிட்ச்போர்டில் மற்ற அழைப்புகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கின. எதையும் நான் தொடவில்லை.

கடைசியில் அவரே சொன்னார்: "மாமன் சொல்லும்போ நான் இப்பத்தான் அறியுதமாதிரி கேட்டுக்கிடுதேன். உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வரண்டாம்." போனை வைத்துவிட்டார்.

இத்தனை நேரம் மற்ற அழைப்புகளை ஏன் எடுக்கவில்லை என்று சூப்பர்வைசர் கேட்டார். இரண்டாவது மெமோவிலும் கையெழுத்துப் போட்டேன். வண்டியில் நெய்யாற்றின்கரை வரை நின்றேதான் வந்தேன். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தார்.

வண்டியில் வாசித்த அந்த 'வூ வெய்' கட்டுரை சொன்னது இதைத்தானா என்று தெரியவில்லை. பொய் சொல்லத் தெம்பில்லை, அவ்வளவுதான். சில மாதம் கழித்து போனில் நோயாளியைப் பற்றிக் கேட்ட வேறொரு பெண்ணிடம் வேண்டுமென்றே அப்படி மௌனமாக இருந்து பார்த்தேன். "செவி கேட்காதா உனக்கு?" என்று கத்தி, மேலே புகாரும் கொடுத்துவிட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

பிறகும் நாலு வருடம் அதே நாற்காலியில் இருந்தேன். மற்றவர்களைப்போல நானும் "டாக்டர் பேசுவார்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.