ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே எல் போர்டு

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் "அப்பா என்ன வேலை செய்கிறார்" என்று கேட்டால் "ஸ்டிக்கர் கடை" என்று சொல்லிவிட்டு டபக்கென்று உட்கார்ந்துவிடுகிறீர்களாம். உங்கள் அம்மா சொன்னாள். தப்பில்லை. ஆனால் ஒட்டுவது என் வேலையில் பாதிதான். ஒட்டியதை நேரம் வரும்போது பெயிண்ட் உரியாமல் எடுப்பதும் என் வேலை. வாடிக்கையாளர் விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதும் என் வேலை. இந்தக் கடைசி வேலையில் ஒரு தடவை நான் வசமாக மாட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். மாமி பேசியதை மட்டும் திருத்த வேண்டாம். அவர் அப்படித்தான் பேசுவார்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மயிலாப்பூர் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். சின்ன கார் ஒன்று வந்து, ஒரு சக்கரம் சாக்கடை மூடி மேலும் மற்ற மூன்றும் ரோட்டிலுமாக நின்றது. ஓட்டி வந்தவர் அறுபது வயது மாமி. பருத்திப் புடவை, காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. பக்கத்து சீட்டில் அவருடைய தங்கை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றுவிட்டது என்று நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏம்ப்பா, எல் போர்டு ஒட்டித் தருவியோ?" என்றார் மாமி.

"தர்லாம் மாமி. வினைல்ல வெட்டி ஒட்டுனா அஞ்சு வருஷம் போவாது."

"அஞ்சு வருஷமா? எனக்கு தினம் ஒன்றரை மணி நேரம் இருந்தாப் போறும். அப்புறம் இருந்த சுவடே தெரியப்படாது."

விஷயம் இதுதான். மாமியின் வீட்டுக்காரர் தினமும் ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போவார். இரண்டு சுற்று நடப்பார். பிறகு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து நாட்டைத் திருத்திவிட்டு ஏழரைக்குத் திரும்புவார். அந்த இடைவெளியில் மாமி கார் பழகிக்கொண்டிருந்தார். ஸ்லோக வகுப்புக்குப் போவதாகச் சொல்லி டிரைவிங் ஸ்கூலையே முடித்துவிட்டார். எல்.எல்.ஆர். கைப்பையில் இருந்தது. லைசென்ஸ் டெஸ்டுக்கு இன்னும் இரண்டரை வாரம். அதுவரை சொந்தக் காரில் கை பழக வேண்டும். லைசென்ஸ் உள்ள தங்கை பக்கத்தில் உட்கார வேண்டும். வண்டியில் முன்னாலும் பின்னாலும் எல் இருக்க வேண்டும்.

"மாமா கிட்ட சொல்லிட்டே கத்துக்கலாமே மாமி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொன்னா சாவி அவர் இடுப்புக்குப் போயிடும்," என்றார். "வியாழக்கிழமை வியாழக்கிழமை திருவான்மியூர்ல பொண்ணாத்துக்குப் போறோம். சாயங்காலம் திரும்பி வரச்சே இவர் ஓட்டறது எனக்குன்னா தெரியும். எதிர்ல லைட்டு போட்டா தலையைச் சாய்ச்சுண்டு கண்ணை இடுக்கிண்டு ஓட்டறார். டாக்டரண்ட போலாம்னா, 'முப்பத்திரெண்டு வருஷமா ஓட்டறேன், வண்டியில ஒரு கீறல் காட்டு பார்க்கலாம்'ங்கறார். நான் ஒவ்வொரு வாரமும் கைப்பிடியைப் பிடிச்சுண்டே அடையாறு பாலத்தைத் தாண்டறேன். எத்தனை வாரம் தாண்டறது, சொல்லு."

எனக்குச் சரக்கு தெரியும். "அதுக்குன்னே காந்த ஷீட்டு கீது மாமி. வெச்சா நிக்கும், எடுத்தா வந்துடும்," என்றேன்.

நீங்கள் கடைக்கு வந்தால் மெஷின் வெட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்கிறீர்கள். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள். காந்த ஷீட்டு ரப்பர் மாதிரி இருக்கும். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் கறுப்பு. சிவப்பு வினைலில் மெஷின் 'எல்' எழுத்தைக் கீறித் தரும். எழுத்தை விட்டுவிட்டு மீதியை நகத்தாலும் ஊசியாலும் உரிக்க வேண்டும். பிறகு வெள்ளைப் பக்கத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு அட்டையால் தேய்த்து ஒட்ட வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தால் காற்றுக் கொப்புளம் உள்ளேயே குடித்தனம் பண்ணும். கடைசியாக நாலு மூலையையும் வட்டமாக வெட்ட வேண்டும். மூலை கூராக இருந்தால் ஓடும்போது காற்று அங்கேதான் முதலில் விரலை விடும்.

இரண்டு நாள் கழித்து மாமி வந்தார். கொடுத்துவிட்டு, பராமரிப்பு சொன்னேன். இதை நான் யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை.

"வெக்கறதுக்கு முன்னாடி வண்டியத் தொடைங்க. மண்ணு மேல வெச்சீங்கன்னா பெயிண்ட்டுல கோடு வுழுந்துடும். எடுக்க சொல்ல மூலையத் தூக்கி எடுங்க, இழுக்காதீங்க. வண்டிக்குள்ள வெயில்ல போடாதீங்க. முக்கியமா மடிக்கக் கூடாது மாமி. மடிச்சா செத்துச்சு. ஊட்ல இரும்பு எதுனா இருந்தா அதும்மேல தட்டையா ஒட்டி வெச்சிடுங்க."

"பீரோ இருக்கு. ஆனா அதை இவர் நாளுக்கு நாலு தடவை தொறப்பார்."

"வேற இரும்பு பாருங்க."

மாமி யோசித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எந்த இரும்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முன்னால் பானெட்டில் வைத்தேன். டப்பென்று பிடித்தது. பின்னால் போய் டிக்கிக் கதவில் வலப்பக்கம் வைத்தேன். அது அப்படியே வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. வண்டியில் மெழுகு பாலிஷ் போட்டிருப்பார்கள் என்று நினைத்து, துணியால் துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடி வழுக்கியது. ஷாம்பு தண்ணீரால் கழுவி, காய வைத்து, மூன்றாம் தடவை வைத்தேன். அப்போதும் வழுக்கியது. தங்கை காருக்குள்ளிருந்து மணி ஏழு இருபது என்றார்.

அப்புறம்தான் எனக்கு மண்டையில் ஏறியது. வெட்டி மீந்த காந்தத் துண்டு ஒன்றை எடுத்துக் கதவு முழுக்க வைத்து வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் பிடித்தது. வலப்பக்கம் ஒரு தோசை அகலத்துக்குப் பிடிக்கவே இல்லை.

"மாமி, இந்த எடத்துல தகடு இல்ல. பட்டி கீது."

"பட்டின்னா?"

"வண்டி எங்கனா இடிச்சு உள்ள போய்டுச்சுன்னா, டிங்கர் பண்றவங்க தட்டி நிமித்திட்டு மேல மாவு மாதிரி ஒண்ணு பூசித் தேச்சு பெயிண்ட் அடிப்பாங்க. கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும்."

மாமி அந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"ஒரு கீறல் கிடையாதாம்," என்றார். "நீ யாரண்டயும் மூச்சு விடப்படாது. எல்லை இடப்பக்கமா வெச்சுடு."

வைத்தேன். பத்து நாள் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மாமி பெசன்ட் நகர் பக்கம் போய் வட்டமடித்துவிட்டு, வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் நிறுத்தி இரண்டு எல்லையும் எடுத்துக்கொண்டு போவார். ஒரு தடவை என் கடை வழியாகப் போனபோது ஹாரன் அடித்தார். ஹாரன் எது என்று தெரியாமல் வைப்பரைத்தான் முதலில் போட்டார்.

பதினோராம் நாள் பத்து மணிக்கு எனக்கு ஒரு போன்.

"எல் போர்டு பண்ணினது நீங்கதானே? ஓரத்துல நம்பர் போட்டிருக்கேள். கொஞ்சம் ஆத்துக்கு வந்துட்டுப் போங்கோ." ஆண் குரல். விலாசம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் செய்கிற எல்லாப் பலகையிலும் கீழ் மூலையில் கடுகு அளவுக்கு நம் கடை நம்பர் இருக்கும். தொழில் பழக்கம். மாமியின் ரகசியத்திலும் அதைப் போட்டுவிட்டேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திருடப் போகிறவனுக்கு விலாசச் சீட்டு எழுதிச் சட்டையில் குத்தி அனுப்புகிற புத்தி எனக்கு.

இரண்டாவது மாடி. கூடத்து மேஜையில் இரண்டு சிவப்பு எல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சமையலறை வாசலில் ஃபிரிட்ஜ் சுவரை விட்டு நகர்ந்து கோணலாக நின்றது. அதன் பின்னால் ரிப்பேர்காரர் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, எதையும் திருகாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மாமி கண்டுபிடித்த இரும்பு எது என்று தெரிந்தது. ஃபிரிட்ஜின் சுவர்ப்பக்கம். ஒரு கை நுழைகிற சந்து. அருமையான இடம். அந்த ஃபிரிட்ஜ் அன்று பார்த்து குளிராமல் போயிருக்க வேண்டாம்.

மாமா நாற்காலியில் இருந்தார். மாமி சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்து, இவனை எதற்கு வரச்சொன்னார் என்பது போல உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்ப்பா," என்றார் மாமா, "ஒரு பொம்மனாட்டி வந்து வண்டியில ஒட்டுன்னா, ஆத்துல கேட்டியான்னு நீ கேக்க மாட்டியோ?"

"கேட்டேன் சார்."

"கேட்டியா? என்ன சொன்னா?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி கூரையைப் பார்த்தார். "சாவி உங்க இடுப்புக்குப் போய்டும்னு சொன்னாங்க சார்," என்றேன். பொய் சொல்ல எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது.

"போகத்தான் போறது," என்றார் மாமா. சாவியை எடுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். "அறுபது வயசுல டெஸ்டாம். முப்பத்திரெண்டு வருஷம்ப்பா. கீழே போய்ப் பாரு. எங்கயாவது ஒரு கீறல் இருக்கான்னு நீயே சொல்லு."

"அதுவும் சரிதான்," என்றார் மாமி. "வாங்கோ, கீழேயே போய்ப் பார்க்கலாம்."

நாலு பேராகக் கீழே இறங்கினோம். நாலாவது ஆள் ஃபிரிட்ஜ்காரர். அவரை யாரும் கூப்பிடவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் மாமி ஒரு எல்லை என் கையில் கொடுத்தார். "பின்னால ஒட்டு. வலப்பக்கம்."

நான் தயங்கினேன். மாமி புருவத்தைத் தூக்கினார். ஒட்டினேன். எல் மெதுவாக, கோயில் படியில் முதியவர் இறங்குவது மாதிரி, வழுக்கி வழுக்கித் தரையில் படுத்துக்கொண்டது.

"உன் காந்தம் தண்டம்," என்றார் மாமா.

பானெட்டில் வைத்தேன். டப். பக்கக் கதவில் வைத்தேன். டப். திரும்பப் பின்னால் வைத்தேன். தரை.

"காந்தம் ஷோக்கா கீது சார்," என்றார் ஃபிரிட்ஜ்காரர். "வண்டிலதான் எதோ..." மாமா திரும்பிப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆராய ஆரம்பித்தார்.

மாமி அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக் காட்டினார். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். மாமா டிக்கிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீ உங்கக்காவாத்துக்குப் போயிருந்தப்போ," என்றார். "பொண்ணாத்து வாசல்ல ரிவர்ஸ் எடுத்தேன். இருட்டிடுத்து. தூண் தெரியலை."

"எத்தனை மணிக்குன்னா?"

"அஞ்சே முக்கால்."

அஞ்சே முக்காலுக்குச் சென்னையில் எந்தத் தூணும் இருட்டில் இருக்காது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். நான் கீழே குனிந்து எல்லைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தேன்.

"டெஸ்ட் என்னிக்கு?" என்றார் மாமா.

"செவ்வாய்க்கிழமை."

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமோ?"

"சுமாரா வரும். ஆனா எனக்குத் தூண் தெரியறதுன்னா."

மாமாவின் வாய் ஓரம் கொஞ்சம் கோணியது. சிரிப்பா என்று சத்தியம் செய்ய மாட்டேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, மாமியிடம் கொடுக்காமல், கார் கூரை மேல் வைத்தார். மாமி எடுத்துக்கொண்டார். "உன் தங்கையோட இனிமே போக வேண்டாம்," என்றார் மாமா. "நான் உக்காந்துக்கறேன் பக்கத்துல. அவ கண்ணை மூடிண்டு உக்காந்துண்டிருப்பா." பிறகு என்னைப் பார்த்து, "இந்த எல்லை எங்கே ஒட்டினா நிக்கும்?" என்றார்.

"இடது பக்கம் சார்."

"ஒட்டு. நன்னாத் தெரியற மாதிரி ஒட்டு."

டெஸ்டுக்கு முன்னால் இருந்த நாலு நாளும் மாமி நடுத்தெருவில், பட்டப்பகலில், முன்னும் பின்னும் எல்லோடு ஓட்டினார். பக்கத்தில் மாமா உட்கார்ந்து ஓயாமல் குறை சொன்னார். செவ்வாய்க்கிழமை மதியம் மாமி போன் பண்ணி "பாஸ்" என்று ஒரே வார்த்தை சொன்னார். பின்னணியில் மாமா, "எட்டு போடச்சே காலைத் தரையில வெக்கலைன்னு சொல்லு," என்றார். "அது ஸ்கூட்டருக்குன்னா," என்று மாமி அவரிடம் சொல்வதோடு போன் நின்றது.

லைசென்ஸ் அட்டை தபாலில் வந்த பிறகு முதல் வியாழக்கிழமை. எனக்குத் திருவான்மியூரில் ஒரு பல் டாக்டரின் கண்ணாடிக் கதவுக்கு வினைல் ஒட்டும் வேலை. வேண்டுமென்றேதான் அந்த நாளுக்கு வைத்துக்கொண்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. ஐந்தரைக்கு வேலை முடிந்தது. வண்டியை எடுக்காமல், மாமி ஒரு தடவை சொல்லியிருந்த பெண் வீட்டுச் சந்துக்கு எதிரே மெயின் ரோட்டு முனையில் நின்றேன். தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஆறே காலுக்கு மாமியின் கார் அந்தச் சந்திலிருந்து மூக்கை நீட்டியது. மாமி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் மாமா கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

வலப்பக்கம் திரும்ப வேண்டும். பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் இடைவெளியே விடவில்லை. பின்னால் ஒருவன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. மாமி நெற்றியைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

நான் சட்டைப் பையில் வினைல் வெட்டுகிற பிளேடோடு ரோட்டில் இறங்கினேன். டிராபிக் போலீஸ் மாதிரி கையை நீட்டினேன். ஒரு ஷேர் ஆட்டோ என் முட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"இன்னா நைனா, ஊட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றான் டிரைவர்.

"தோ, ஒரு நிமிஷம்," என்றேன்.

கார் திரும்பியது. மாமி என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தார், பார்க்க வேண்டியதும் அதைத்தான். பின் விளக்குகள் பஸ்களுக்கு நடுவே மறைகிற வரை கையை இறக்காமல் நின்றேன்.