லாசரின் ஒரு ரூபாய் போர்டு

சேலத்தில் லாசரைப் போல நேர்மையாக வாடகை சைக்கிள் கடை நடத்திய ஆளை நான் பார்த்ததில்லை. எடுத்துப் போன சைக்கிளைப் பத்து நிமிஷம் தாமதமாகக் கொண்டுவந்தால், மற்ற கடைகளில் இன்னொரு மணி நேரத்துக்குக் காசு வாங்கிவிடுவார்கள். லாசர் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, போ சாமி" என்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு வியாபாரம் எதற்கு என்று நாங்களே கேலி செய்வோம்.

எண்பத்தைந்தாம் வருஷம் தன்னிடமிருந்த இருபது சைக்கிளையும் விற்றுவிட்டு, மெட்ராஸிலிருந்து ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கிவந்து அதே கடையில் வைத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. பக்கத்துக் கடைதான் நான் குமாஸ்தாவாக இருந்த லாரி புக்கிங் ஆபீஸ். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, சேந்தமங்கலத்தில் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வெளியே சொன்னால் வெட்கம், ஆனாலும் தினம் இரண்டு ஆட்டம் ஆடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆட்டத்துக்கு எட்டணா. லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள், காலேஜ் பையன்கள், கண்டக்டர்கள் என்று கடையில் எப்போதும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தின் ராஜா மருதாசலம். ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டுபவன். ஒற்றை ஆளாக நான்கு தறியைப் பார்த்துக்கொள்வான். எந்தத் தறியில் நூல் அறுந்தாலும் துணியில் கோடு விழுவதற்குள் கை அங்கே போய்விடுமாம். சனிக்கிழமை கூலி வாங்கினால் ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறி வந்துவிடுவான். அவன் ஆடினால் நாங்கள் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். அந்த விரல்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அடுத்த வருஷம் லாசர் தன் மனைவி சகாயம்மாளின் வளையல்களை விற்றுப் புதுப் பெட்டி ஒன்றை இறக்கினார். விமானத்தில் பறந்துகொண்டே சுடுகிற ஆட்டம், கண்ணைப் பறிக்கிற கலர். பெட்டிக்கு மேலே தன் கையாலேயே எழுதி ஒரு போர்டு மாட்டினார்: புது ஆட்டம், ஒரு ரூபாய்.

மருதாசலம் போர்டைப் படித்துவிட்டு, "ஏனுங்கண்ணா, பொட்டி புதுசுன்னா வெலையும் புதுசுங்களா? அதே கைப்பிடி, அதே பொத்தான் தானுங்களே?" என்றான்.

"பழைய பொட்டிய விட ரெண்டு மடங்கு குடுத்து எடுத்தேன் தம்பி."

"அது உங்க பாடுங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். "யாரும் தொடாதீங்கப்பா. தானா எறங்கி வருவாரு."

எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புதான் அதில் உரக்க இருந்தது. மூன்று வாரம் அந்தப் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. அதே மூன்று வாரத்துக்குள், இரண்டு ரூபாய் சினிமா டிக்கெட்டை நானும் மருதாசலமும் பிளாக்கில் பத்து ரூபாய் கொடுத்து வாங்கினோம். அது எங்களுக்கு உறைக்கவே இல்லை. எங்களைப் போன்ற அற்பர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

லாசர் இறங்கி வந்தார். போர்டைக் கழற்றிவிட்டு எட்டணா என்றார். நாங்கள் ஏதோ போரில் ஜெயித்த மாதிரி விழுந்தடித்து ஆடினோம். ஒரு மாதத்தில் மருதாசலம் எண்பத்து நான்காயிரத்து முந்நூறு புள்ளி எடுத்தான். லாசர் அதை ஒரு சிலேட்டில் எழுதிச் சுவரில் மாட்டினார். ஆனால் எட்டணாவுக்கு அவன் முக்கால் மணி நேரம் ஆடினால் கடைக்காரர் என்ன செய்வார்? அதை நாங்கள் யோசிக்கவில்லை.

பிறகு எங்கள் எல்லோருக்கும் ஆட்டம் கெட்டுப்போனது. எனக்குப் பாதிகூட வரவில்லை. "இன்னிக்குக் கை வரல" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு எட்டணா கொடுப்போம். மருதாசலம் முப்பதாயிரத்தைத் தாண்டத் திணறினான். ஆட்டம் முடிந்ததும் விரல்களை விரித்து விரித்துப் பார்ப்பான். நான்கு ஞாயிறு அப்படி. ஐந்தாவது ஞாயிறு அவன் வரவில்லை.

மூன்று மாதம் கழித்துத் துணி லோடு விஷயமாக ஜலகண்டாபுரம் போனேன். தறிக் கொட்டகையில் மருதாசலத்தைப் பார்த்தபோது முதலில் அடையாளமே தெரியவில்லை. மூக்கில் தடித்த பிரேம் போட்ட ஒரு கண்ணாடி. அவன் முன்னால் இரண்டு தறிதான் ஓடியது. மற்ற இரண்டையும் ராசு என்கிற புது ஆள் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இரைச்சலிலிருந்து வெளியே கூட்டிவந்து சொன்னான்: "கண்ணு மங்கிப் போச்சுங்க, கையும் முன்னமாதிரி இல்லீங்க. டாக்டரு ஒண்ணும் பெருசா இல்லைன்னாரு. நாந்தான் புடிவாதமா கண்ணாடி எழுதி வாங்குனேன். நூலு அறுந்து துணி கெட்டா மொதலாளிக்கு நட்டமில்லீங்களா? அதான் ரெண்டு தறி போதும்னு நானே சொல்லிப்போட்டேன். கூலி பாதிதான் வருது. ஆனா அந்தக் கேமு ஆடலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க. லாசரண்ணங்கிட்ட நான் ரொம்பக் கேட்டதா சொல்லுங்க."

அதை அப்படியே வந்து லாசரிடம் சொன்னேன். அவர் எழுந்து கடைக் கதவைச் சாத்தினார். பெட்டியின் பின்கதவைத் திறந்து, உள்ளே ஒரு பலகையில் வரிசையாக இருந்த பொடி சுவிட்சுகளைக் காட்டினார்.

"இதுல ரெண்டைத் தள்ளுனா எதிரி வெமானம் வெரசா வரும், குண்டு வெரசா விழும், ஆட்டமும் வெரசா முடிஞ்சுரும். 'வெலையை ஏத்தாதீங்க, கூச்சல் போடுவாங்க. இதைத் தள்ளுங்க, ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்'னு பொட்டி குடுத்தவன் சொன்னான். தள்ளிட்டேன். சாமி கும்புடுறவன் செய்யுற காரியமா இது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் எட்டணாக்களை நினைத்துத்தான் முதலில் வந்தது, மருதாசலத்தை நினைத்து அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு லாசர் ஜலகண்டாபுரம் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "உன் கண்ணுக்கும் ஒண்ணுமில்ல, கைக்கும் ஒண்ணுமில்ல தம்பி. கோளாறு எங்கிட்ட."

மருதாசலம் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் வெகுநேரம் துடைத்தான். அடிப்பானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எம்பத்துநாலாயிரம் எடுத்தனே. அது நெசங்களா?"

"அது நெசம். அப்ப நான் தொடல."

"ஒரு ரூவா வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பமேங்க."

"கேட்டேன் தம்பி. மூணு வாரம் போர்டு தொங்குச்சு" என்றார் லாசர்.

மருதாசலம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனான். போன இரண்டு தறியும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ராசு நன்றாகவே ஓட்டினான், முதலாளி மாற்ற மனசில்லை என்று சொல்லிவிட்டார்.

லாசர் அன்று சாயங்காலமே சுவிட்சுகளைப் பழையபடி தள்ளினார். மறுநாள் காலையில் பெட்டிக்கு மேலே அதே போர்டு தொங்கியது. புது ஆட்டம், ஒரு ரூபாய். அடியில் சின்ன எழுத்தில், சுவிட்சைத் தள்ளிய விஷயத்தையும் எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தார். படித்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

நான் மத்தியானம் போனேன். மருதாசலத்தை விட்டால், நடந்தது அத்தனையும் தெரிந்த ஒரே ஆட்டக்காரன் நான். கடையில் வேறு யாரும் இல்லை. சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. லாசர் ஸ்டூலிலிருந்து எழுந்து, "வாங்க" என்றார். நான் போர்டைப் பார்த்தேன். 'ஒரு ரூபாயா?' என்றது மனசு.

"ஆபீஸ்ல வேலை இருக்குங்க. அப்புறமா வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். இரண்டு மாதத்தில் கடையை மூடினார். அதுவரை ஒரு நாள்கூட நான் அந்தப் படியேறவில்லை.