சத்தமில்லாமல் பெற்றுக்காட்டுவது

கடி

“மூச்ச மெதுவா இழுத்து விடும்மா, கத்தாதே” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முருகம்மா என் கையை இழுத்து மணிக்கட்டுக்கு மேலே கடித்தாள். பிரசவம் பார்க்கிற வேலையில் கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. பெற்றவர்களுக்கும், பெறுகிறவர்கள் பக்கத்தில் நின்று கையைக் கொடுத்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பயப்படாமல் மேலே படிக்கலாம்.

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்னப் பிரசவ விடுதியில் நான் நர்ஸ். அறுபதுகளின் தொடக்கம். வலிக்கு எங்களிடம் இருந்தவை மூன்று: வெந்நீர் ஒத்தடம், சுக்குக் காப்பி, என்னுடைய பேச்சு. நான்காவதாகப் பெத்தடின் என்று ஓர் ஊசி உண்டு. அது அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி லேடி டாக்டரிடம் இருக்கும். லேடி டாக்டர் பெரும்பாலும் திண்டிவனத்தில் இருப்பார். அதனால் என் பேச்சுதான் அதிகம் செலவானது.

முருகம்மா வல்லத்துக்காரி. அவளுக்கு அது மூன்றாவது பிரசவம். அவள் கடித்ததும் நான் “ஐயோ அம்மா” என்று அலறிவிட்டேன். குழந்தை பிறந்துவிட்டது என்று வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முருகம்மா என் கையை விட்டுவிட்டு, வியர்வை வழிந்த முகத்தோடு என்னை அக்கறையாகப் பார்த்தாள். “இன்னா, வலிச்சிதா? மூச்ச மெதுவா இழுத்து உடு. கத்தாத.”

சபதம்

மறுநாள் காலை முருகம்மா குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே, எல்லாக் கட்டில்களுக்கும் கேட்கும்படி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். “நர்ஸம்மா, நீ பெத்திருக்கியா?”

எனக்கு அப்போது மூன்றாவது மாதம். கணவரையும், எனக்கு அடுத்த நர்ஸான சுலோசனாவையும் தவிர யாருக்கும் தெரியாது. ரோஷம் வந்துவிட்டது. “தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீட்டுக்குப் போகப்போறதில்லை. இங்கேயே, இதே கட்டிலில், ஊசி கீசி இல்லாம, ஒரு சத்தமில்லாம பெத்துக்காட்டறேன்” என்றேன். நான் பேசுவதையெல்லாம் மனப்பாடம் செய்கிற சுலோசனா கைதட்டினாள்.

வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. நான் கத்திவிட்டால் மானம் போவது இருக்கட்டும். அதற்குப் பிறகு அந்த விடுதியில் என் பேச்சை யார் கேட்பார்கள்? வலிக்கு எங்கள் கைவசம் இருந்ததில் பெரிய மருந்தே அதுதான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று இழுத்துப் பார்த்தேன். முருகம்மா விடவில்லை. “நாள் தெரிஞ்சா சொல்லி அனுப்பு. அன்னிக்குக் களை எடுக்கப் போவாம வந்துடறோம்.”

செய்முறை

வெள்ளிக்கிழமை சந்தைக்கு வருகிற கர்ப்பிணிகள் அப்படியே விடுதிக்கும் வந்து வயிற்றைக் காட்டிவிட்டுப் போவார்கள். வலி நேரத்து மூச்சுப் பயிற்சியை அவர்களுக்கு நேரில் செய்து காட்டலாம் என்பது என் யோசனை. வெள்ளைப் புடவை கசங்காமலிருக்க மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் படுத்தேன். கண்ணை மூடி, மூச்சிரைக்கிற நாயைப் போலச் சின்னச் சின்ன மூச்சாக விட்டேன். எனக்கே வயிறு மேடிட்டிருந்த சமயம். அறையில் சத்தமே இல்லை. நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது, அப்போதுதான் கத்தரிக்காய்க் கூடையோடு உள்ளே வந்திருந்த ஒரு பெண் சுலோசனாவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். “அந்தப் பொண்ணுக்கு வலி கண்டுட்டுது, நீ பாட்டுக்கு வேடிக்க பாக்கற! ஓடு, நர்ஸம்மாவ கூப்புடு!”

மலைக்கு அந்தாண்ட

செஞ்சியில் பொழுது இரண்டு தடவை போகும். முதலில் சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கும். நிஜமாகவே அஸ்தமிக்க அதற்கப்புறமும் நேரமிருக்கும். இது ஒரு பிரச்சினையாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பத்மாவதி நயினார் வீட்டு மருமகள். ஜைனக் குடும்பம், பொழுது போனபின் அவர்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது, அவள் மாமியார் தண்ணீர்கூடத் தொடமாட்டார். பத்மாவதிக்குக் காலையிலிருந்து வலி. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு எடுத்துவந்தேன். மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “பொழுது போயிட்டுதும்மா” என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பூகோளம் ஞாபகம் வந்தது. “மலை மறைக்குதுங்க. மலைக்கு அந்தாண்ட இன்னும் வெயில் அடிக்குது” என்றேன். அவர் கோபப்படவில்லை. “அப்ப அந்தாண்ட இருக்கறவங்க குடிக்கட்டும்” என்றார்.

நான் விடவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய், திருவண்ணாமலை பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிவந்தேன். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் நின்று, வழியெல்லாம் வெயிலில் கண் கூசியதாகப் பொறுப்பாகச் சொன்னார். அவர் சொல்லி முடித்தபோது நிஜமாகவே இருட்டிவிட்டிருந்தது. நான் தம்ளரோடு நின்றேன். பத்மாவதி இரண்டு வலிக்கு நடுவே எழுந்து என் கையிலிருந்து அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு மாமியாரிடம் சொன்னாள்: “வயித்துல இருக்கறது இன்னும் பகலயே பாக்கல அத்தே. அதுக்கு ஏது ராத்திரி?”

பேர்

வண்டி ஓட்டுகிற ஏழுமலை தன் மனைவியைக் கொண்டுவந்து விட்டபோது, புருஷன் பேர் என்ன என்று அவளைக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துச் சிரித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அங்கே இல்லை. வலி முற்றிய பிறகு நிலைமை மாறியது. “டேய் ஏழுமல, நீ நல்லா இருப்பியா! ஏழுமல, உன் கை விளங்குமா!” என்று விடுதி அதிர ஏசினாள். ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, “இங்கதான் இருக்கறன் புள்ள” என்று பணிவான ஒரு பதில் வந்தது.

நான் வெளியே போனேன். ஏழுமலையின் கண்ணில் தண்ணீர். ஆறுதல் சொல்வதில் எனக்கு அப்போது நல்ல அப்பியாசம். “வலியில சொல்றதையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது. வேணும்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டு அடங்க வைக்கிறோம்” என்றேன். அவர் பதறிப்போனார். “கல்யாணமாயி இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் நர்ஸம்மா எம் பேர அவ வாயால கேக்கறன். ஊசி கீசி போட்டு நிறுத்திடாதிங்க.”

வளையல்

ஏழாம் மாதம் என்னை அழைத்துப்போக அம்மா கும்பகோணத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்தாள். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதானே முறை என்று மெல்ல ஆரம்பித்தார். நான் கடமை என்றேன். ஜனங்களுக்கு நம்மிடம் நம்பிக்கை வரவேண்டும் என்றேன். லேடி டாக்டர், எனக்கென்று ஓர் ஊசியைத் தனியாக எடுத்துவைக்கட்டுமா என்று கேட்டதையும், நான் வேண்டாம் என்று சொன்னதையும் பெருமையாகச் சொன்னேன். அம்மா கொண்டுவந்திருந்த வளையல்களை அங்கேயே எனக்குப் போட்டுவிட்டாள். பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: “நீ கத்தறதக் கேக்க நான் ஒருத்தி போறாதாடி? ஒரு ஊரே கேக்கணுமா?”

ஊசி

என் ஜாதகம், அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் வேலைக்கு வந்த இடத்திலேயே வலி கண்டது. சொல்லி அனுப்பாமலே சந்தைக்கூட்டத்தில் பாதி வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரம் நான் பிரமாதமாக இருந்தேன். நடந்தேன். சிரித்தேன். இரைக்கிற நாயைப் போல மூச்சு விட்டேன். பிறகு அறையில் யாரோ கத்தினார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. சுலோசனா என் தலைமாட்டில் நின்று, என் வாக்கியங்களையே என் குரலிலேயே சொன்னாள். “மூச்ச மெதுவா இழுத்து விடுங்கக்கா. கத்தாதீங்க. கத்தினா குழந்தைக்குப் போற காத்து வீணாப்போகும்.” கடைசி வாக்கியம் நானாகக் கற்பனை செய்தது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதை என்னிடமே சொன்னதற்காக அவளை நான் என்னவெல்லாமோ திட்டினேன். அதை இங்கே எழுத முடியாது. வராந்தாவில் இருந்தவர்கள் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

உச்சிப்பொழுதில் லேடி டாக்டர் சாவியோடு வந்து சேர்ந்தார். நான் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ஊசி, ஊசி என்றேன். அவர் நிதானமாகச் சோதித்துப் பார்த்தார். “நேரம் தாண்டிப்போச்சும்மா. இப்பப் போட்டா குழந்தை மயங்கிப் பிறக்கும், மூச்சு விடத் திணறும். உனக்குத் தெரியாததா?” எனக்குத் தெரியும். அந்த அறையில் எத்தனையோ பேரிடம், இதே வார்த்தைகளில், மிகவும் கனிவாக நான் சொல்லியிருக்கிறேன். அது முழுக்க உண்மையும்கூட. ஆனால் சந்தையின் பாதிக் கூட்டம் கேட்கும்படி நான் சொன்ன பதில் இது: “அதெல்லாம் நாங்க சும்மா சொல்றது டாக்டர், நீங்க போடுங்க!”

பக்கத்துக் கட்டில்

டாக்டர் போடவில்லை. பெண் குழந்தை. பிறந்ததும் அழுதது, சத்தம் போடாதே என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. என் சபதத்தில் ஊசி இல்லாமல் என்ற பகுதி மட்டும், என் சம்மதமில்லாமல், நிறைவேறியது. வராந்தா மெல்லக் கலைந்து சந்தைக்குத் திரும்பிப் போயிற்று. போகும்போது ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் அனந்தபுரத்துப் பெண் பச்சையம்மா. வயது இருபதுகூட இருக்காது. முதல் பிரசவம். காலையிலிருந்து லேசாக வலித்துக்கொண்டிருந்தவள் நான் போட்ட கூச்சலை முழுசாகக் கேட்டிருந்தாள். பயந்து வண்டி கட்டி ஊருக்கே போய்விடுவாளோ என்று எனக்குக் கவலை. என்னைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கும் சேத்து நீயே கத்திட்டியேக்கா. எனக்கு இன்னா மிச்சம் வச்ச?”

அவளுக்கு மிச்சம் இருந்தது. வெயில் தாழ்ந்த நேரத்தில் வலி கெட்டிப்பட்டது. சுலோசனா அடுப்பில் வெந்நீர் வைக்கப் போயிருந்தாள். அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். பச்சையம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது சொல்லேன் என்பதுபோல என் பக்கம் திரும்பினாள். பயிற்சிப் பள்ளியில் கற்றதிலும் நானாகச் சேர்த்துக்கொண்டதிலும் அவளிடம் கூசாமல் சொல்லக்கூடியதாக ஒரு வாக்கியமும் அகப்படாததால், மெதுவாக எழுந்து என் தலையணையை உருவி அவள் இடுப்புக்குக் கீழே செருகிவிட்டு, திரும்ப வந்து வெறும் கட்டிலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன்.