காஃபுவே ஆற்றில் ஒரு வெள்ளை நாரை

திருவெறும்பூரில் பாய்லர் வேலை பழகிய சகாயநாதன், ஸாம்பியாவில் காஃபுவே ஆற்றோரச் சர்க்கரை ஆலைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஷிப்டு முடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். நீர்யானைகள் மூச்சு விடும் சத்தத்துக்கு நடுவே ஒரு மீன்கொத்தி கண்ணில் பட்டால் போதும், கொள்ளிடக் கரையில் நிற்பதுபோல மனசு அடங்கும்.

அங்குள்ள பறவைக் குழுவினர் ஆண்டுதோறும் படகில் போய்க் கணக்கெடுப்பார்கள். நெடுநாள் கேட்டுக் கேட்டு, இந்த முறைதான் அவருக்குப் படகில் இடம் கிடைத்திருந்தது. ஆற்றில் எடுத்த படங்கள் சிலவற்றை அனுப்பச் சொன்னார்கள். ஊரில் பாலக்கரை வீட்டுக்கு லீவில் வந்திருந்தவர், கேமராவில் கிடந்தவற்றில் நல்லதாகப் பார்த்து, ஓரங்களை வெட்டி, பறவையின் பெயரெழுதி அனுப்பிவைத்தார்.

மறுநாள் குழுத் தலைவர் முவான்ஸா போனில் உற்சாகமாகக் கத்தினார். "சகாய்! உன் நத்தைகுத்தி நாரை வெள்ளையாக இருக்கிறதே! இங்கே எல்லாம் கறுப்புதானே? வெட்டாத படத்தை அனுப்பு, ஊரெல்லாம் சொல்லிவிடலாம்."

சின்ன வயதிலிருந்து கொள்ளிடத்தில் வெள்ளை நத்தைகுத்தியையே பார்த்து வளர்ந்த சகாயநாதன் கண்ணுக்கு, அந்த வெள்ளை உறைக்கவே இல்லை. முழுப் படத்தையும் லேப்டாப்பில் திறந்தார்.

அவர் மனைவி லின்சி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது நம்ம கொள்ளிடம் பாலத்துத் தூணுல்ல? போன லீவுல எடுத்தீங்களே! மேல டோல்கேட் டவுன் பஸ்கூடப் போகுது பாருங்க."

"தெரியுது."

"ஸாம்பியாவுக்கு டவுன் பஸ் விட்டாச்சுன்னு சொல்லிடுங்க."

"சிரிக்காத லின்சி. எந்த ஆத்துல எடுத்தோம்னே தெரியாதவனை யாரு படகுல ஏத்துவாங்க? ஒரிஜினல் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டா என்ன?"

"சொல்லுங்க. அப்புறம் அவங்க எல்லாரும் வெள்ளை நாரையைத் தேடி அலைவாங்க. நீங்களும் கூட உக்காந்து தேடுற மாதிரி நடிக்கணும். முடியுமா உங்களால?"

முடியாது. ஒவ்வொரு கரையிலும் முவான்ஸா ஆசையோடு பைனாகுலரைத் தூக்குவதும், தான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் கண்முன் வந்தன. தூணும் பஸ்ஸுமாக முழுப் படத்தை அனுப்பி, நடந்ததை எழுதினார். 'மன்னிக்கவும்' என்பதை இரண்டு இடத்தில் போட்டார்.

சாயங்காலம்தான் முவான்ஸா கூப்பிட்டார். அவர் குரலில் பழைய உற்சாகம் இல்லை.

"படகில் வா. ஆனால் இந்த வருஷம் கேமரா வேண்டாம். கண்ணால் மட்டும் பார்."

"சரி" என்றார் சகாயநாதன். போனை வைத்ததும், அவ்வளவு நேரமும் படகில் வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலை பிடித்துக்கொண்டது.